நட்சத்திரக் குறி போட்ட சொல்

பசுமலை,
20 ஜனவரி 2025

ஆனி,

இனி நீ போன் செய்ய வேண்டாம். நான் எடுக்கப் போவதில்லை. போனில் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன். இரண்டுக்கும் நமக்கு வயதில்லை. பசுமலைக்கும் பரவைக்கும் நடுவில் தபால் இன்னும் ஓடுகிறது. எழுது. ஆனால் நம் தொடரைப் பற்றி மட்டும் எழுது.

பொங்கலன்று உன் வீட்டில் நடந்ததை ஒரே ஒரு முறை சொல்லி முடித்துவிடுகிறேன். தியோடருக்கு நாற்பத்தொரு வயது. விவரம் தெரிந்த நாள் முதல் அவனுக்கு நான் அம்மா, நீ சித்தி. உண்மை அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு இலை போட்ட பிறகு, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "பெத்தவ கேக்குறேன்டா, ஒந்தங்கச்சிக்கு ஒரு கிட்னி குடு" என்று நீ அவனிடம் கேட்டாய். என்னிடம் முன்னால் ஒரு வார்த்தை இல்லை. நான் சாப்பிடாமல் எழுந்து டவுன் பஸ் பிடித்ததற்குக் காரணம் உன் சமையல் அல்ல.

உன் மகள் ஜெனிஷாவுக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். அதையும் இதையும் கலக்காதே.

இனி வேலை. பங்குக் கோயில் இதழில் நாம் எழுதும் "ஒரு வேர், பல கிளை" தொடருக்கு ஏப்ரல் மாதத்துக்கு என்று டிசம்பரிலேயே தேர்ந்தெடுத்த வேர் இது: *டோ. பொருள், கொடுத்தல். வேறு வேருக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஃபாதர் சேசுராஜ் அறிவிப்பை அச்சிட்டுவிட்டார்.

முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறியை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். இந்தச் சொல்லை எந்தக் கல்லிலும் தோலிலும் யாரும் பார்த்ததில்லை. பேசியவர்கள் எழுதத் தெரியாதவர்கள், பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். சமஸ்கிருதத்தில் ததாதி, கிரேக்கத்தில் டிடோமி, லத்தீனில் டாரே, ரஷ்ய மொழியில் தாத். எல்லாமே கொடுப்பதுதான். இவ்வளவு தூரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரே முகச்சாயல் இருந்தால் ஒரு தாய் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பின்னோக்கிப் போய் அவளை மீட்டெடுத்தார்கள். யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் இருந்தாள் என்பதற்கு அடையாளம் அந்த நட்சத்திரம்.

லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் மூன்றையும் நான் எழுதுகிறேன். ஆங்கிலத்தின் 'கிவ்' இந்தக் குடும்பம் இல்லை, குழப்பிக்கொள்ளாதே. தமிழுக்கு வந்து சேர்ந்த கிளைகளை நீ குறித்து அனுப்பு. கடிதத்துக்குத் தேதி போடு. பழைய ரோமர்கள் கடிதத்தின் அடியில் 'இன்ன நாளில் கொடுக்கப்பட்டது' என்று எழுதுவார்கள். அந்தக் 'கொடுக்கப்பட்டது'தான் நாம் சொல்லும் 'டேட்'. அதுவும் இந்த வேரின் பிள்ளை.

டொரதி


பரவை,
24 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

தேதி போட்டிருக்கிறேன். நீ மேலே 'இயேசு மரி சூசை' போட மறந்துவிட்டாய். கான்வென்ட் படிப்பு முடிந்து இத்தனை வருடத்தில் நீ அதை மறந்து நான் பார்த்ததில்லை. அப்போதே உன் கோபத்தின் அளவு தெரிந்தது.

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது லாசர் வாசலில் இருந்தார். "பசுமலைக்கும் பரவைக்கும் தபாலா? ஒங்கக்கா நம்மளப் பாளையங்கோட்டை ஜெயில்ல வச்சிருக்காகளா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நீ சொன்னபடி வேரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தானம்: இந்த வேர்தான். அன்னதானம், நிலதானம். இப்போது ஆஸ்பத்திரிச் சுவர்களில் உறுப்பு தானம் என்று எழுதியிருக்கிறார்கள்.

தாதா: கொடுப்பவர். இதை இப்போது யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை, ரவுடியைச் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

தத்து: இதுவும் இந்த வேர்தான். 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது. தத்துக் கொடுத்தல் என்று நாம் சொல்லும்போது கொடுத்தலையே இரண்டு முறை சொல்கிறோம். ஒரு முறை கொடுத்தால் போதாது என்பது போல.

தட்சிணை: இதையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

டோஸ்: மருந்தின் டோஸ் கிரேக்கச் சொல் என்று நீ ஒரு முறை சொன்னாய். அதுவும் கொடுப்பதுதானே? இதை ஏன் கேட்கிறேன் என்றால், ஜெனிஷாவுக்கு டயாலிசிஸின்போது போடும் ஊசியின் டோஸை டாக்டர் மாற்றியிருக்கிறார். வாரம் மூன்று நாள் போகிறாள். திரும்பி வந்தால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. சிம்மக்கல் மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டாள். கட்டுரைக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். லாசருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த வகை சேரவில்லை. இதுவும் கட்டுரைக்குத்தான்.

கடைசியாக, தா. 'எனக்குத் தா' என்று குழந்தை கேட்கும் சொல். ததாதி, டாரே, தாத், தா. பார்த்தாலே தெரிகிறது. தமிழில் இந்த வேர் நேராகவே இருக்கிறது என்று எழுதிவிடலாம். வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள்.

தியோ செவ்வாய்க்கிழமை இங்கே வந்தான். அவனாகவே வந்தான்.

ஆனி


பசுமலை,
28 ஜனவரி 2025

ஆனி,

முதலில் திருத்தங்கள்.

தட்சிணை இந்த வேர் அல்ல. அது வலப்பக்கத்தைக் குறிக்கும் வேறு குடும்பம். தாதாவைத் தானத்தோடு சேர்த்தது சரி. தட்சிணையைச் சேர்த்தது தவறு. டோஸ் சரி.

தமிழின் 'தா' இந்த வேர் அல்லவே அல்ல. நீ தமிழ் எம்.ஏ. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தமிழின் சொந்தச் சொல். தரு, தந்தான் என்று அது வளையும் விதம் வேறு, அதன் உடன்பிறப்புகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கின்றன. ஒலி ஒத்திருப்பது உறவு ஆகாது. பார்த்தாலே தெரிகிறது என்று எழுதினாயே, பார்த்தால் தெரிவதை வைத்து முடிவு செய்கிறவர்களைத் திருத்தத்தான் இந்தத் தொடரையே தொடங்கினோம்.

தியோ செவ்வாய்க்கிழமை உன்னிடம் வந்ததை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் ஆபீசில் ஆடிட் என்றான். மறுநாள் காலை முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. என்னடா இது என்றேன். "கொசும்மா" என்றான். கடித்துவிட்டுப் பஞ்சும் ஒட்டிவிட்டுப் போகிற கொசு மதுரையில் எந்த வார்டில் இருக்கிறது என்று கேட்டேன். 

நீ எதைக் கேட்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? உன் அத்தானுக்குப் பித்தப்பைக் கல். "சின்ன ஆபரேசன்தான் டீச்சர், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆம்புலன்ஸில், முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெள்ளைத் துணி சுற்றி. எட்டு வருடமாகிறது. ஒன்றுமே இல்லாத கல்லுக்கு அப்படி என்றால், நன்றாக இருக்கிற ஒருவனை மேசையில் படுக்க வைத்து, நன்றாக இருக்கிற ஓர் உறுப்பை எடுப்பதற்கு நான் எப்படிச் சரி என்பேன்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு விஷயம். ஹிட்டைட் என்று ஒரு பழைய மொழி. இந்தக் குடும்பத்திலேயே மிகப் பழமையாக எழுதப்பட்டது. அதிலும் நம் வேர் இருக்கிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் கொடுத்தல் அல்ல, எடுத்தல். ஏன் அப்படிப் புரண்டது என்று அறிஞர்கள் இன்னும் ஒருமனதாகச் சொல்லவில்லை. கட்டுரையில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பொங்கலன்று நீ பேசியது அந்த மொழிதான். கொடுத்தேன் என்ற அதே வாயால் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

டொரதி


பரவை,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். பதில் எழுதவே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

ஹிட்டைட் பேசுகிறேன் என்கிறாய். பேசுகிறேன். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கும் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு மொழி வரவில்லை. நீயாக இருந்தால் லத்தீனில் கேட்டிருப்பாய்.

ஆனால் 'பெத்தவ' என்று சொல்லியிருக்க வேண்டாம். அது வாயில் வந்தது எனக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். தியோ என் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தான்.

ஜெனிஷாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். நேற்று டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது, "அம்மா, எனக்கு அண்ணேங்கிட்ட இருந்து வேணாம்" என்றாள்.

"ஏன்டி?"

"பெரியம்மாவுக்குப் பிடிக்கல. வாங்கி வச்சுக்கிட்டு அவுக முன்னாடி நான் எப்பிடி உக்கார்றது? ஒவ்வொரு தடவையும் அவுக என் மூஞ்சியப் பாக்க மாட்டாக, வயித்தத்தான் பாப்பாக. அண்ணே அங்கன நல்லாருக்கானான்னு."

அக்கா, அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

வேறு ஆள் கிடைக்குமா என்று பதிவு செய்து வைத்திருக்கிறோம். வரிசை நீளம். டாக்டர் எங்களிடம் பேசும்போது 'கிடைத்தால்' என்று சொல்வதை நிறுத்திவிட்டு 'அதுவரை தாங்கினால்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். உனக்கு வார்த்தைகள் தெரியும். இந்த மாற்றத்துக்கு என்ன பொருள் என்று நீயே சொல்.

அத்தானை நான் மறக்கவில்லை. அந்த ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தது நான்தான். பயப்படாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் மேசையில் படுப்பார்கள். ஒன்று என்று நீ எண்ணுகிறாய். நான் இரண்டாக எண்ண வேண்டியிருக்கிறது.

தட்சிணையை அடித்துவிட்டேன்.

ஆனி


பசுமலை,
12 பிப்ரவரி 2025

ஆனி,

ஒரு வாரமாக இந்த வீட்டில் இரண்டு பேர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், பேசுவதில்லை. முந்தாநாள் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏன்டா என்கிட்ட மொதல்ல கேக்கல?"

"கேட்டா வேணாம்பீங்க."

"வேணாம்தான்."

"அதான் கேக்கல."

சட்டினியை நகர்த்தி வைத்தேன். அவனே, "அம்மா, சின்னப் பிள்ளையில நான் கேட்டதுக்கெல்லாம் நீங்க யோசிச்சுட்டுத்தான் குடுத்தீங்க. யோசிங்க. ஆனா குடுங்க" என்றான். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. திசுப் பொருத்தம் நன்றாக இருக்கிறதாம். உடன்பிறந்தவர்களுக்குத்தான் இப்படி அமையும் என்று எழுதியிருக்கிறார்கள். அவன் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனான். அதே மேசையில் கட்டுரையின் மெய்ப்பு இருந்தது. 'தொலைவில் வாழும் பிள்ளைகள் உள்ளுக்குள் ஒத்துப்போனால் அவர்களுக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதை மறுக்க முடியாது' என்று நானே எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை மென்மையாக்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. அது சரியான வாக்கியம்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண் பேசினாள். காகிதப்படி தியோவும் ஜெனிஷாவும் உடன்பிறந்தவர்கள் அல்ல, பெரியம்மா மகனும் சித்தி மகளும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் பெற்றோர் நானும் உன் அத்தான் அருளப்பனும். கிறிஸ்தவர்களுக்கு அப்போது தத்துக்குச் சட்டம் கிடையாது. நீ கொண்டுவந்து என் மடியில் வைத்தாய், நாங்கள் எங்கள் பெயரைப் போட்டோம். ஆகவே அனுமதி கொடுக்கும் குழுவின் முன்னால், அவனை நான் பெறவில்லை என்று நான் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டுமாம்.

என்னால் முடியாது.

பிடிவாதம் என்று நினைக்காதே. அவனுக்குப் பெயர் வைத்தபோது நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. டொரதி என்றால் கிரேக்கத்தில் கொடை, கடவுள். தியோடர் என்றால் கடவுள், கொடை. என் பெயரைப் பிரித்து, முன்னதைப் பின்னதாக வைத்து அவனுக்கு வைத்தேன். அதிலும் நம் வேர்தான் இருக்கிறது. பெற்றிருந்தால் என் மூக்கையோ காதையோ கொடுத்திருப்பேன். கொடுக்க என்னிடம் இருந்தது பெயர் ஒன்றுதான்.

அவனை நான் பெறவில்லை என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு நான் யார்? ஆபரேஷனில் அவனுக்கு ஏதாவது ஆனாலும் போய்விடுவான். ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்தாலும், உன் மகளுக்கு அண்ணனாக எழுந்து வருவான். இரண்டு விதத்திலும் எனக்குத்தான் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

டொரதி


ஆஸ்பத்திரி வராந்தா,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

ஜெனிஷாவை நேற்று மாலை சேர்த்துவிட்டோம். நுரையீரலில் நீர். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை என்கிறார்கள். லாசர் காபி வாங்கப் போயிருக்கிறார். இந்த நோயாளி அட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

உன் கையெழுத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. வேரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழின் 'தா' அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை என்று சொன்னாய். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அது அந்த வேரிலிருந்து ஒன்றையும் வாங்கவில்லை. ரத்தத் தொடர்பு துளியும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. முகமும் அதே முகம். படித்த நானே ஏமாந்தேன். பிறக்காததால் அது கொடுக்கவில்லை என்று ஆகுமா?

தியோ நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறானே, அது யார் நடை? அத்தான் நடை. அத்தானுக்கும் அவனுக்கும் ரத்தத்தில் என்ன சம்பந்தம்? ஓட்டலுக்குப் போனால் மெனு அட்டையில் இருக்கும் எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் தோசை சொல்கிறான். போன மாதம் ஒரு சர்வர், "சார், சாப்பிட வந்தீகளா, பேப்பர் திருத்த வந்தீகளா?" என்று கேட்டார். நம் அப்பா வீட்டில் யாருக்கும் அந்த வியாதி கிடையாது. உனக்கு அதைக் கான்வென்ட் சிஸ்டர்கள் ஒட்டிவிட்டார்கள், நீ அவனுக்கு ஒட்டிவிட்டாய். எந்தப் பரிசோதனைச் சாலையில் கொடுத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நீ யார் என்று கேட்டாய். அவன் யாரைப் போல நடக்கிறானோ, யாரைப் போலப் பிழை திருத்துகிறானோ, அவர்கள் வீட்டுக்காரி. என்னைப் போல அவனிடம் இருப்பது திசு மட்டும்தான். அதிலும் ஒரு துண்டைத்தான் கேட்கிறேன்.

லாசர் வந்துவிட்டார். நர்ஸ் கூப்பிடுகிறாள்.

ஆனி


பசுமலை,
11 மார்ச் 2025

ஆனி,

பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், செய்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

உன் அட்டை வந்த மறுநாளே கோர்ட் வாசலுக்குப் போனேன். அங்கே ஆண்டிச்சாமி என்பவர் பிரமாணப் பத்திரம் டைப் அடிக்கிறார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். வாங்கிப் படித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'வளர்ப்புத் தாய்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை.

"அம்மா, வளர்ப்புன்னு போட்டாத்தான் அவுகளுக்கு வெளங்கும்" என்றார்.

"விளங்காவிட்டால் என்னிடம் கேட்கட்டும். நான் நேரில்தானே வருகிறேன்."

"எல்லாரும் இப்பிடித்தாம்மா போடுறாக."

"எல்லாரும் 'பிரமாணம்' என்பதற்கு ஒரு சுழி குறைத்தும் போடுகிறார்கள். நீங்களும் போட்டிருக்கிறீர்கள்."

மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு தாளைச் சொருகினார். கடைசியில் நான் எழுதச் சொன்னது இரண்டே வாக்கியம். தியோடரைப் பெற்றவர் என் தங்கை ஆனிமேரி. பிறந்த மாதத்திலிருந்து இன்றுவரை அவனுக்குத் தாய் நான். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பார்க்காதது என் படிப்புக்கு அழகில்லை.

நேற்று குழு. நீங்கள் மூன்று பேரும் வெளியே உட்கார்ந்திருந்தீர்கள், உன்னைப் பார்த்தேன். உனக்கு இளைத்திருக்கிறது. உள்ளே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவன் சொல்ல மாட்டான், பெருமை பேசாத பிள்ளை.

ஒரு பெண் அதிகாரி என்னிடம், "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாத இடம் என்றுதானே சத்தியம் வாங்கினார்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் இதைச் செய்யக் கூடாது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கொடுப்பது அவன். அவன் கையை நான் பிடித்து நிறுத்தப் போவதில்லை. இதற்குச் சம்மதம் என்று பெயரானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

நான் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.  அவர்கள் தியோவின் பக்கம் திரும்பி, "ஒங்கள யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார்கள்.

"ஆமா சார்" என்றான். "எங்கம்மா. வேணாம் வேணாம்னு."

ஓரத்தில் இருந்த பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பணத்துக்காகவோ பயமுறுத்தியோ கொடுக்க வைக்கிறார்களா என்று பார்ப்பதுதானாம் அவர்கள் வேலை. தடுக்கிற தாய் ஒருத்தி வந்து நின்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டாமாம். என் பயம் உங்களுக்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை. உதவுவதற்காகப் பயப்படவும் இல்லை.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். ஹிட்டைட்டையும் சேர்த்தேன். அதை விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. தமிழின் 'தா'வைப் பற்றி ஒரு பத்தி, அது இந்தக் குடும்பம் அல்ல என்று. அடுத்து வரும் பத்தி உன் அட்டையில் இருந்தது. உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

இன்னும் போன் வேண்டாம். எனக்கு இப்போது பேச வராது.

டொரதி


ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
9 ஏப்ரல் 2025, காலை

ஆனி,

அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடுவதற்கு முன்னால், "அம்மா, கட்டுரையில மூணாம் பத்தியில 'ஒரு' இல்ல, 'ஓர்' வரணும்" என்றான். அச்சாகி வந்த பிறகு சொல்கிறான். உண்மைதான், பார்த்தேன்.

ஜெனிஷா எப்படி இருக்கிறாள்? லாசரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதில் அனுப்பு.

டொரதி


நான்காம் மாடி,
9 ஏப்ரல் 2025

அக்கா,

இவளும் உள்ளே போய்விட்டாள். போகும்போது, "பெரியம்மாகிட்ட சொல்லு, வயித்தப் பாத்தாலும் பரவால்லன்னு" என்றாள். நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து புரிகிறதா?

லாசர், "ரெண்டு பேரும் போன் வச்சிருக்கீக. எனக்கு முட்டி வலி. நான் எதுக்கு மாடி ஏறி எறங்கணும்?" என்கிறார். ஆனாலும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

ஆனி


இரண்டாம் மாடி,
9 ஏப்ரல் 2025

ஆனி,

இப்போதுதான் ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் என்னைத் தாண்டி லிஃப்டுக்குப் போனார்கள்.  நான் எழுந்து நின்றேன். உங்கள் மாடிக்குத்தான் வருகிறது.

அவனை இன்னும் வெளியே கொண்டுவரவில்லை. தையல் போடுகிறார்கள் என்கிறார்கள். நேரமாகிறது. உன் அத்தானுக்கும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஜெபமாலை மணி எங்கேயோ விட்டுப்போய்விட்டது. விரலில் எண்ணுகிறேன்.

டொரதி


நான்காம் மாடி,
9 ஏப்ரல் 2025, மதியம்

அக்கா,

சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். மேசையில் இருக்கும்போதே. டாக்டர் வெளியே வந்து சொன்னார். லாசர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுகிறார். அதனால் சீட்டு கொண்டுவரத் தாமதமாகலாம்.

தியோ எப்படி? தியோ எப்படி என்று முதலில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஆனி


இரண்டாம் மாடி,
9 ஏப்ரல் 2025, மதியம்

ஆனி,

கண் விழித்துவிட்டான். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அது வழியாகத் தெரிகிறான். உதடு காய்ந்திருக்கிறது. முகத்தைச் சுளிக்கிறான், வலிக்கிறது போல. தலையைத் திருப்பி யாரையோ தேடுகிறான்.

இப்போது ஒருவர்தான் உள்ளே போகலாமாம். அதுவும் கொஞ்ச நேரம். அடுத்தவர் சாயங்காலம்தான். நர்ஸ் முனீஸ்வரி கையில் கவுனோடு வந்து, "அம்மா, நீங்க வாரீகளா?" என்றாள். வேறொருவர் வருகிறார், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெனிஷா பக்கத்தில் லாசரை நிறுத்திவிட்டுக் கீழே வா. நீ போய்ப் பார். தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடாதே, பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

படியில் பார்த்து இறங்கு. ஆனால் சீக்கிரம் வா. வெகுநேரம் என்னால் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க முடியாது.

டொரதி